வெள்ளைக் கதவில் ஏறிய மஞ்சள்

கதவுக்கும் அலமாரிக்கும் ஸ்ப்ரே அடிக்கும் தம்பிகள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கண்ணாடி மாதிரி பினிஷிங் எப்படிண்ணே வரும்?" காற்று எவ்வளவு வைப்பது, தின்னர் எவ்வளவு கலப்பது, ஸ்ப்ரே கன்னை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது என்பதையெல்லாம் இப்போது டப்பாவிலேயே அச்சடித்து விடுகிறார்கள். அதற்கு நான் தேவையில்லை. டப்பாவில் போடாத ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு ஒரு வீட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

எனக்குத் தேதிப் பித்து உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நான் பெயிண்ட் அடித்த ஒவ்வொரு கதவின் மேல் விளிம்பிலும் பென்சிலால் தேதி எழுதியிருப்பேன். ஏணி போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கடலூரில் என் ஷெட்டுக்கு வரும் ஆசாரி அந்தோணி, "செத்தவனுக்குத்தான் மாமா தேதி எழுதுவாங்க, உயிரோட இருக்கிற கதவுக்கு எதுக்கு?" என்று கிண்டல் செய்வான். அவன் எனக்கு மச்சான் முறை. கதவு செய்வது அவன், பூசுவது நான். "நான் செஞ்ச அழக நீ மூடுற" என்பான். "நீ செஞ்ச கோணலத்தான்டா மூடுறேன்" என்பேன். பல வருஷம் இந்தச் சண்டையிலேயே எங்கள் பிழைப்பு சந்தோஷமாக ஓடியது.

2009, ஐப்பசி. கீரப்பாளையத்தில் ஒரு புது வீடு. கட்டியவர்கள் இளங்கோவன், கலைச்செல்வி தம்பதி. அவர் பள்ளி ஆசிரியர். அந்தப் பெண் சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அந்தத் தெருவில் தளம் போட்ட முதல் வீடு அதுதான். பின்பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டில் இளங்கோவனின் அம்மா அஞ்சலையோடு எல்லாரும் இருந்தார்கள். புது வீட்டுச் சமையலறை அலமாரிகளும் உள்கதவுகளும் முழு வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கலைச்செல்வி முதல் நாளே சொல்லிவிட்டார். வீட்டில் மற்ற எதிலும், டைல்ஸிலிருந்து ஜன்னல் வரை, கணவரும் மாமியாரும் சொன்னதற்கு அவர் சரி என்றுதான் சொல்லியிருந்தார். சமையலறையின் வெள்ளை மட்டும் அவருடையது.

அஞ்சலையம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் எதிரிலேயே சொன்னார்: "ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையா அடிச்சி வச்சா அது வூடா?" நான் மேலே பார்த்தேன், அந்தோணி கீழே பார்த்தான். வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்ளும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பதும் நம் தொழிலில் பழக வேண்டிய ஒன்று.

கிரகப்பிரவேச முகூர்த்தம் அடுத்த புதன்கிழமை. ஐப்பசி அடைமழைக்கு நடுவில் குறித்த நாள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லா ஷட்டர்களுக்கும், அதாவது அலமாரிக் கதவுகளுக்கும், வெள்ளை பிரைமர் அடித்து, தேய்த்து, மாவு போல வழவழப்பாக்கி, கூடத்துச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்தோம். ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் பழைய பேப்பர் மடித்து வைத்தேன். சனிக்கிழமை வெள்ளை அடிக்க வேண்டியதுதான் பாக்கி. கடலூருக்குப் பஸ் ஏறினோம்.

மறுநாள் காலையில் அந்தோணிதான் முதலில் உள்ளே போனான். போனவன் வாசலுக்கே திரும்பி வந்தான்.

"மாமா, உன் கதவுக்கெல்லாம் வளைகாப்பு நடந்திருக்குது. வந்து பாரு."

எல்லா ஷட்டரிலும் நான்கு மூலைக்கும் குழைத்த மஞ்சள். ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள் தடவி, அதன் மேல் குங்குமப் பொட்டு. ஒன்றையும் விடவில்லை. வீட்டில் அரைத்த மஞ்சள், நல்ல கெட்டி. இரவெல்லாம் ஊறிக் காய்ந்திருந்தது.

இதன் ஆபத்து உங்களில் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பிரைமர் என்பது உறிஞ்சும் பரப்பு. மேலே வைத்தது உள்ளே இறங்கிவிடும். குங்குமம் மஞ்சளின் மேல் உட்கார்ந்திருந்ததால் ஈரத்துணிக்கே வந்துவிட்டது. முன்னால் இருந்த ஷட்டரில் மஞ்சளைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தேன், பூச்சுப் போனது, நிறம் போகவில்லை. அது ஒன்றுக்கு மட்டும் வெள்ளை அடித்துப் பார்த்தேன். அடித்தபோது வெள்ளை. பீடி ஒன்று பிடித்து முடிப்பதற்குள் நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழ நிறம் ஏறி மேலே வந்து நின்றது. தின்னரில் மஞ்சள் கரைகிறது. எத்தனை கை அடித்தாலும் அத்தனையையும் தாண்டி அது வரும்.

இளங்கோவன் பழைய வீட்டிலிருந்து ஓடி வந்தார். பின்னாலேயே அம்மாவும்.

"என்னாம்மா பண்ணி வச்சிருக்க?"

"என்னாத்தப் பண்ணேன்? வெள்ளிக்கிழம அதுவுமா கதவு வூட்டுக்குள்ள வந்திருக்குது. வெள்ள வெளேர்னு வெறுமனே நிக்குது. மஞ்ச குங்குமம் வைக்காம எப்படி வுடுறது? நெலை வச்சப்ப வைக்கலையா?"

"நெலைல வச்சா சரி. இதுல..."

"நெலைக்கி ஒரு சாமி, கதவுக்கு ஒரு சாமியா?"

அந்தம்மா சொன்னதில் தவறு இல்லைதான். நிலைக்கு வைப்பது போலத்தான் அவர் கதவுக்கும் வைத்திருக்கிறார். இரவு டியூட்டி முடிந்து கலைச்செல்வி வந்தபோது இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெள்ளை யூனிபார்ம், கையில் டிபன் பை. வரிசையைப் பார்த்தார். மாமியாரைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, நீங்க ரொம்ப வீடு பார்த்தவரு. இது தெரியாம செஞ்சதா, வேணும்னே செஞ்சதா? நீங்களே சொல்லுங்க."

தம்பிகளே, பெயிண்ட் கெட்டால் பெயிண்டைச் சரி செய்துவிடலாம். இந்தக் கேள்விக்கு அவசரத்தில் வாயைத் திறந்தால் எந்த தின்னராலும் கழுவ முடியாது. தெரியாது என்று சொல்லி நழுவலாம். ஆனால் அந்தப் பெண் கேட்டது கதவைப் பற்றி மட்டுமல்ல. அந்த வீட்டில் அவர் இனி எப்படி இருக்கப் போகிறார் என்பதற்கும் சேர்த்துத்தான்.

நான் ஷட்டர்களைத்தான் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பார்த்தபோதுதான் ஒன்று பட்டது. முந்தின நாள் நான் வைத்த பேப்பர்கள் எல்லாம் அப்படியே நடுவில் இருந்தன. அந்தம்மா ஒவ்வொரு ஷட்டரையும் எடுத்து, மஞ்சள் வைத்து, காய்ந்த பிறகு பேப்பரை மறுபடியும் மடித்து வைத்துத்தான் சாய்த்திருக்கிறார். ஒன்றைத் திருப்பினேன். பின்பக்கத்தில் நான்கு விரல் மஞ்சளாக, லேசாக. கீழே விழாமல் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்த கை.

"இங்க பாரும்மா," என்று காட்டினேன். "கெடுக்கணும்னு நெனைச்சவங்க பேப்பரைத் திருப்பி வைக்க மாட்டாங்க."

கலைச்செல்வி அந்த விரல் அடையாளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் இறுகித்தான் இருந்தது. ஆனால் அடுத்த கேள்வி வேறாக வந்தது.

"சரிண்ணே. இப்ப என்னா பண்றது?"

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அந்தோணி, "கீழ அலுமினியம் பெயிண்ட் ஒரு கை குடுத்து அடைச்சிடு மாமா" என்றான். ஓதம் ஏறிய பழைய சுவருக்கு நாங்கள் செய்வது அது. அதன் மேல் இந்த வெள்ளை எத்தனை நாள் பிடித்து நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றைக்கு அழகாக இருக்கும், அடுத்த கோடையில் உரியும்.

இளங்கோவன்தான் எல்லாருக்கும் சுலபமான வழியைச் சொன்னார்.

"சந்தனக் கலர் அடிச்சிடலாமே? மஞ்சள் ஏறுனாலும் தெரியாது. அம்மாவுக்கும் புடிக்கும். புதன்கிழமைக்குள்ள முடிஞ்சிடும். என்னா கலை?"

கலைச்செல்வி டிபன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அடிங்க," என்றார்.

அந்த ஒரு சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை. தொழிலில் வாடிக்கையாளர் வாயால் 'அடிங்க' என்று சொல்லிவிட்டால் பெயிண்டருக்கு அதற்கு மேல் பொறுப்பு இல்லை என்று நினைப்போம். சந்தனம் அடித்திருந்தால் அன்று மாலையே என் வேலை முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பெண் தினமும் அந்த அலமாரியின் எதிரில் நின்றுதான் சோறு ஆக்க வேண்டும். அந்தச் சந்தன நிறம் அவருக்குச் சந்தனமாகத் தெரியாது. 'அன்னிக்கு என்னை விட்டுக்கொடுக்க வச்சாங்க' என்றுதான் தெரியும். கீழே இருக்கிற மஞ்சள் மட்டுமா மேலே ஏறி வரும்?

கன்னைக் கழற்றிக் கீழே வைத்தேன். "சார், மத்தியானம் வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. அதுக்கப்புறம் எந்தக் கலர்னு பேசிக்கலாம்."

"மத்தியானம் என்னா ஆவப் போவுது?" என்றார் அவர்.

எனக்கும் தெரியாது. கோபமும் அவசரமும் இருக்கிற வீட்டில் கன்னைக் கையில் எடுக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். அது நான் எனக்கே வைத்துக்கொண்ட சட்டம்.

கலைச்செல்வி பழைய வீட்டுக்குப் போய்க் குளித்து, யூனிபார்மை அலசிப் பிழிந்து எடுத்துக்கொண்டு புது வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினார். கொடி அங்கேதான் கட்டியிருந்தார்கள். சிறிது நேரத்தில் படியில் தடதடவென்று இறங்கி வரும் சத்தம்.

"அண்ணே, யூனிபார்ம்ல சாம்பார் கொட்டிக்கினா மஞ்சக்கறை சோப்புக்குப் போவாது. ஈரத்தோட வெயில்ல போட்டா தானா வெளுத்துடும். துணிக்குப் போவுது, கதவுக்குப் போவாதா?"

அந்தோணி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சாயங்களைப் பற்றி நான் ஓரளவு படித்தவன். நம் தொழிலில் பாதி நேரம் காய்வதற்குக் காத்திருப்பதுதான், அந்த நேரத்தில் கையில் புத்தகம் இருக்கும். மஞ்சள் வெயிலைத் தாங்காது என்று படித்ததும் உண்டு. ஆனால் துணிக்கும் கதவுக்கும் நடுவில் என் தலையில் ஒரு சுவர் இருந்திருக்கிறது. அதை அந்தப் பெண்தான் இடித்தார்.

"போவும்னுதான் தோணுது," என்றேன். "வெயில்தான் வேணும்."

ஐப்பசியில் வெயில் வேண்டும் என்பது யாரிடம் கேட்கிற கேள்வி! அன்று மத்தியானம் மேகம் கொஞ்சம் விலகியது. ஒவ்வொரு ஷட்டராக மாடிக்குத் தூக்கினோம். கல்லை முட்டுக் கொடுத்துத் தளத்தில் பரப்பினோம். மஞ்சள் பூச்சைத் துடைத்துவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி நனைத்தேன். வெயில் சுள்ளென்று விழுந்தது.

அப்போது அஞ்சலையம்மா குடை பிடித்துக்கொண்டு மாடிக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க போயி சாப்புடுங்க. நான் பாத்துக்கறேன்."

"மழை வந்தா ஒரு குரல் குடுங்கம்மா."

"நெல்லு காய வச்ச கழுதைக்கு மழை வர்றது தெரியாதா? போ."

தெரிந்தது. நாங்கள் சோற்றில் கை வைத்த நேரம் மேலேயிருந்து குரல்: "ஏய், வாங்கடா, கெழக்கால கட்டுது!" எங்கள் கண்ணுக்கு வானம் வெளிச்சமாகத்தான் இருந்தது. கையைக் கூடக் கழுவாமல் ஓடிப் படிக்கட்டுக் கூண்டுக்குள் எல்லாவற்றையும் அடுக்கி முடித்தோம். கடைசி ஷட்டர் உள்ளே வந்தபோது முதல் துளி விழுந்தது. அவரே பேப்பர் மடித்து நடுவில் வைத்துக்கொண்டிருந்தார். மழை நின்றதும், "எடு, எடு, வெயில வுடாத" என்று விரட்டினார். அந்தோணி மூச்சு வாங்கினான்.

"பெரியம்மா, மஞ்சள வச்சதும் நீ, எடுக்க வைக்கறதும் நீ. நடுவுல நான் எதுக்குச் சாவறேன்?"

"நல்லா சாவு. ஆசாரின்னு சொல்லிக்கினு ஒரு கதவத் தூக்க மூச்சு வாங்குது."

கலைச்செல்வி சிரித்துவிட்டார். சிரித்ததை மறைக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தூங்காத கண்ணோடு அவரும் எங்களோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மஞ்சள் காலையில் வைக்கோல் நிறமானது, மத்தியானம் நன்றாக உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. ஷட்டர்களைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்து விரல் தடங்களையும் வெயிலுக்குக் காட்ட வேண்டியிருந்தது. நான் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தபோது அஞ்சலையம்மா தானாகவே பேசினார்.

"என் வூட்டுக்காரரு ஆஸ்பத்திரிலதான் செத்தாரு தம்பி. ரெண்டு பக்கமும் வெள்ளக் கதவு. என்ன உள்ள வுடல. அந்தக் கதவையே பாத்துக்கினு நின்னேன். அதான் இத வெறுமனே பாக்க மனசு வரல. மஞ்ச வச்சா வூட்டுக் கதவா மாறிடும்னு நெனைச்சேன். கெட்டுப்போவும்னு எனக்குத் தெரியுமா?"

கலைச்செல்வி படிக்கட்டுக் கூண்டின் ஓரம் நின்றிருந்தார். கேட்டிருக்க வேண்டும். வந்து என்னோடு சேர்ந்து ஷட்டர்களைத் திருப்ப ஆரம்பித்தார். கடைசியாக அடுப்புக்கு மேலே வரும் சிறிய ஷட்டர். மிளகாய்த்தூள், மல்லித்தூள் டப்பாக்கள் வைக்கிற அலமாரியுடையது. அதை நான் திருப்பப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இத திருப்பாதீங்கண்ணே. பின்பக்கம் வெள்ளையும் அடிக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்."

அதன் பின்பக்கத்துக்கு நிறமில்லாத கிளியர் மட்டும் ஒரு கை கொடுத்தேன். நான்கு விரலும் உள்ளே பத்திரமாக நின்றன. தேதியை அதன் மேல் விளிம்பில் எழுதாமல் விரல்களுக்குக் கீழேயே பென்சிலால் எழுதி, அதன் மேல் கிளியர் அடித்தேன்.

திங்கட்கிழமை வெள்ளை அடித்தோம். முதல் ஷட்டரை அடித்துவிட்டு எல்லாரும் அதைச் சுற்றி நின்று பார்த்தோம். மூலைகளையே பார்த்தோம். மஞ்சள் வரவில்லை. "வரலடா," என்றார் அஞ்சலையம்மா, மகனிடம், ஏதோ பரீட்சை பாஸானது போல. அன்று என் கைக்கு வந்த பினிஷிங் அதற்கு முன்னும் பின்னும் எத்தனை வீட்டில் வந்திருக்கும் என்று தெரியவில்லை. பால் உறைந்தது போல இருந்தது. செவ்வாய்க்கிழமை அந்தோணி கீல் போட்டு மாட்டினான்.

புதன்கிழமை விடியற்காலையில் எங்களையும் அழைத்திருந்தார்கள். பால் காய்ச்சி முடித்ததும் அஞ்சலையம்மா மஞ்சள் கிண்ணத்தோடு சமையலறைக்குள் வந்தார். அலமாரி வரிசைக்கு எதிரில் வந்து நின்றுவிட்டார். வைக்கவும் இல்லை, போகவும் இல்லை. உறவுக்காரப் பெண்கள் பின்னால் நின்றிருந்தார்கள். ஒருத்தி, "என்னாக்கா, கதவுக்கு வைக்கல?" என்று கேட்டே விட்டாள். அந்தம்மா என்னைப் பார்த்தார். புது பெயிண்ட், இன்னும் முழுசாக இறுகவில்லை. வைக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.

கலைச்செல்வி முன்னால் வந்து அடுப்புக்கு மேலே இருந்த சிறிய ஷட்டரைத் திறந்தார்.

"அத்தை மொதல்லயே வச்சிட்டாங்க," என்று கேட்ட உறவுக்காரியிடம் சொன்னார். "இங்க பாருங்க."

வெள்ளைக் கதவின் உள்ளே நான்கு விரல், பளிச்சென்ற மஞ்சளில். அஞ்சலையம்மா தன் கையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனார். "புகை," என்றார். அடுப்பு கேஸ் அடுப்பு.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும்: கெட்டுப்போன வேலையை மூடுவதற்கு முன்னால் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் யாருடைய கையாவது இருக்கும்.

2012 மாசியில் அதே வீட்டுக்கு ஒரு புது அலமாரிக்காகப் போனேன். நான் ஓய்வு பெறுவதற்கு முன் செய்த கடைசி வேலைகளில் அது ஒன்று. அஞ்சலையம்மா திடமாக இருந்தார். சமையலறையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பழைய வெள்ளை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொன்றாகத் திறந்தேன். சிறிய ஷட்டரைத் திறந்தபோது அதே நான்கு விரல். வெயில் படாத மஞ்சள், அன்று வைத்தது போலவே இருந்தது.

"அதுக்கு பெயிண்ட் கீயிண்ட் அடிச்சிடாத," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எச்சரித்தார். "அது கீழ என்னா எழுதி வச்சிருக்க? ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன்."

"தேதிம்மா."

"தேதி மட்டுந்தானா? வச்சவ பேரு எங்க?"

சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, நாவில் தொட்டு, விரல்களுக்குக் கீழே எழுதினேன். அவர் கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்து வந்தார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"அ... ஞ்... ச... லை. சரியாத்தான் எழுதிருக்க. அழிஞ்சிடுமா?"

"இதுக்கு மேல ஒரு கை கிளியர் குடுத்துட்டுப் போறேன். மூடியே இருந்தா அழியாதும்மா."

கிளியர் காய்ந்த பிறகு அவரே கதவை மூடினார். ஒரு சத்தமும் இல்லாமல், வெள்ளையாக, வழவழவென்று வந்து பொருந்தியது. கீல் அந்தோணி போட்டது. பெருமையை நான் எடுத்துக்கொண்டேன்.